மாரடைப்பு புற்றுநோயின் வளர்ச்சியைத் தூண்டுமா?

தாமிரபரணிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 61. மூன்று ஆண்டுகளுக்கு முன் இடது மார்பில் ஆரம்ப நிலைப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, இப்போது தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார். சென்ற ஐப்பசியில் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. வேறொரு மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 40 சதவீதம் என்று குறைவாக வந்திருக்கிறது.

நேற்று புற்றுநோய் மருத்துவரிடம் வழக்கமான பரிசோதனைக்குச் சென்றிருந்தோம். மாரடைப்பு வந்த செய்தியைச் சொன்னதும் அவர், "இதயம் பாதிக்கப்பட்டால் அது புற்றுநோயின் போக்கையும் மாற்றலாம் என்று சில ஆய்வுகள் வந்திருக்கின்றன, கவனமாக இருப்போம்" என்றார். வெளியே நாற்பது பேர் காத்திருந்ததால் மேற்கொண்டு கேட்க மனம் வரவில்லை. புற்றுநோய் மருந்துகள் இதயத்தைப் பாதிக்கலாம் என்பது எங்களுக்குத் தெரியும். கீமோ தொடங்கும் முன் எக்கோ எடுத்ததே அதற்காகத்தான். ஆனால் இதயத்திலிருந்து புற்றுநோய்க்கு என்று எதிர்த்திசையில் ஒரு பாதை இருக்கிறதா? அந்த ஆய்வுகள் எவை, அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்று அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

உயிரணு எழுதியது:

தங்கள் அம்மா நலம்பெற விழைகிறேன். நான் உயிரணு ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவன், மருத்துவன் அல்லன். மருத்துவர் குறிப்பிட்டவற்றுள் முதன்மையானவை என்று நான் கருதும் சோதனைகளை மட்டும் சொல்கிறேன்.

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ருடால்ஃப் டி போயரின் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்குவது நல்லது. குடலில் கட்டிகள் தாமாகவே தோன்றும்படியான மரபணு மாற்றம் கொண்ட சுண்டெலிகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றின் இதயத் தமனியைக் கட்டி மாரடைப்பை உண்டாக்கி, இதயச் செயலிழப்புக்கு (இதயம் நின்றுபோவதன்று, ரத்தத்தை இறைக்கும் வலுவை இழப்பது) உள்ளாக்கினார்கள். மற்றவற்றுக்கு மார்பைத் திறந்து மூடும் போலி அறுவை மட்டும் செய்தார்கள். இதயம் செயலிழந்த எலிகளின் குடலில் கட்டிகளின் சுமை மற்றவற்றைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாக இருந்தது.

இதைக் கேட்டவுடன் யாருக்கும் ஓர் ஐயம் எழும்: இதயம் சரியாக ரத்தத்தை இறைக்காததால் குடலுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து, அதனால் கட்டி வளர்ந்திருக்கலாம் அல்லவா? இந்த ஐயத்தைத் தீர்க்க அவர்கள் செய்த சோதனையைப் படித்தபோது நான் சிறிது நேரம் தாளைக் கீழே வைத்துவிட்டேன். எலியின் சொந்த இதயத்தை அப்படியே இயங்கவிட்டு, மாரடைப்புக்கு உள்ளான இன்னோர் இதயத்தை அதன் கழுத்தில் இரண்டாவதாகப் பொருத்தினார்கள். அந்த எலிக்கு ரத்த ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. அதன் சொந்த இதயம் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கழுத்தில் இருக்கும் நோயுற்ற இதயம் செய்யக்கூடியதெல்லாம் தன்னிடமிருந்து சுரப்பவற்றை ரத்தத்தில் கலப்பது மட்டுமே. அப்போதும் கட்டிகள் கூடுதலாக வளர்ந்தன. ஆகவே செயலிழந்த இதயம் ஒரு பழுதான பம்ப் மட்டுமன்று, சுரக்கும் உறுப்பும்கூட என்ற முடிவுக்கு வந்தார்கள். அது சுரப்பவற்றுள் செர்பின்-ஏ3 என்ற புரதம், ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட பெருங்குடல் புற்றணுக்களைப் பெருகச் செய்தது.

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் உள்ள டெக்னியான் கல்வி நிறுவனத்தில் அமி அரோன்ஹைமின் குழு 2020-இல் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. அவர்கள் மாரடைப்பை உண்டாக்கவில்லை. பெருந்தமனியை இறுக்கிக் கட்டி இதயத்தின் மீது அழுத்தத்தை ஏற்றினார்கள். நீண்டகால ரத்த அழுத்த நோயாளியின் இதயச் சுவர் தடிப்பதுபோல அந்த எலிகளின் இதயமும் மாறத் தொடங்கியது. பம்பிங் குறையும் முன்பே, அந்தத் தொடக்க மாற்றத்திலேயே, மார்பகப் புற்றும் நுரையீரல் புற்றும் வேகமாக வளர்ந்தன, பரவவும் செய்தன. அந்த எலிகளின் சீரத்தை, அதாவது ரத்த அணுக்களை நீக்கியபின் எஞ்சும் தெளிந்த நீரை, எடுத்துப் புற்றணுக்களின் மீது ஊற்றினாலே அவை அதிகமாகப் பெருகின. சீரத்திலிருந்து பெரியோஸ்டின் என்ற புரதத்தை நீக்கியபோது அந்த விளைவு குறைந்தது.

தங்கள் அம்மாவின் நிலைக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேத்ரின் மூர் குழுவினர் செய்தது. அதுவும் 2020-இல்தான் வந்தது. அதை மாலையில் தனியாக எழுதுகிறேன். அவசரமாக எழுதக்கூடிய விஷயமன்று.

மலைக்கோட்டை எழுதியது:

நான் ஓய்வுபெற்ற மருந்தாளுநர். இழை சற்று விலகினாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதயத்துக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு என்ற தலைப்பு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார். 2010-இல் டெல்மிசார்டன் வகை மாத்திரைகளை எடுப்பவர்களுக்குப் புற்றுநோய் சற்று அதிகமாக வருகிறது என்று ஒரு தொகுப்பாய்வு வந்தது, 7.2 சதவீதத்துக்கும் 6.0 சதவீதத்துக்கும் இடையிலான வேறுபாடு அது. மறு ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அதைவிடப் பெரிய அளவில் சோதனைகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, அப்படிக் கூடுதல் ஆபத்து இல்லை என்று அறிவித்தது. முதல் செய்தியைக் கேட்டவர்களில் பாதிப்பேர் இரண்டாவது செய்தியைக் கேட்கவில்லை. என் மைத்துனரும் அவர்களில் ஒருவர். மாத்திரையை நிறுத்தியதன் பலனைப் பக்கவாதமாக அனுபவித்தார். ஆகவே இந்த இழையைப் படிப்பவர்கள் எதையும் தாமாக நிறுத்த வேண்டாம்.

உயிரணு எழுதியது:

மலைக்கோட்டை ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். இப்போது நியூயார்க் ஆய்வு.

சுண்டெலிகளின் மார்புக் கொழுப்பில் புற்றணுக்களை வைத்துவிட்டு, சில நாள்கள் கழித்து ஒரு பகுதி எலிகளுக்கு மாரடைப்பை உண்டாக்கினார்கள். சுமார் மூன்று வாரத்தில் அவற்றின் கட்டி மற்றவற்றின் கட்டியைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இங்கே காரணமாக அவர்கள் கண்டது இதயம் சுரக்கும் புரதத்தை அன்று, எலும்பு மஜ்ஜையை.

மாரடைப்பு ஏற்பட்டதும் உடல் அதை ஒரு பெரிய காயமாக எடுத்துக்கொள்கிறது. இறந்த தசையை அப்புறப்படுத்தவும் தழும்பை உண்டாக்கவும் மஜ்ஜையிலிருந்து மோனோசைட் என்னும் வெள்ளை அணுக்கள் பெருமளவில் வெளியேறுகின்றன. காயம் ஆற வேண்டுமானால் ஒரு கட்டத்தில் எதிர்ப்பாற்றல் தணிய வேண்டும். தணியாவிட்டால் நம் திசுவையே அது அரித்துவிடும். அந்தத் தணிவு மஜ்ஜையிலேயே பதிந்துவிடுகிறது என்பதுதான் இந்த ஆய்வின் கண்டுபிடிப்பு. மோனோசைட்டின் மரபணு எழுத்துகள் மாறவில்லை. மரபணுவை ஒரு நூலாகக் கொண்டால், அதில் எந்தப் பக்கம் திறந்திருக்கும், எந்தப் பக்கம் மூடியிருக்கும் என்பது மாறுகிறது. அவ்வாறு மாறிய அணுக்கள் இதயத்துக்கு மட்டும் போவதில்லை, கட்டிக்கும் போகின்றன. அங்கே புற்றணுக்களைக் கொல்ல வேண்டிய மற்ற அணுக்களையும் அவை அடக்கிவைக்கின்றன. அந்த மோனோசைட்டுகளை நீக்கிய எலிகளில் மாரடைப்பால் கட்டி வேகமெடுக்கவில்லை. புற்றுக்கட்டியை ஆறாத காயத்தோடு ஹரால்டு டுவோராக் 1986-இலேயே ஒப்பிட்டார்; வேறோர் இடத்துக் காயத்தை ஆற்றக் கிளம்பிய படை இந்த ஆறாத காயத்துக்கும் சேவகம் செய்யும் நிலை அது.

2025-இல் அதே குழு, இதயத்தைத் தொடாமல், எலியின் பின்னங்காலுக்குப் போகும் தமனியை அடைத்துப் பார்த்தபோதும் மார்பகக் கட்டி இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. ஆகவே இது இதயத்துக்கு மட்டும் உரிய குணமன்று. திசு ரத்தமின்றித் தவிக்கும் எந்த இடத்திலிருந்தும் மஜ்ஜைக்கு அந்தச் செய்தி போகலாம் என்று தோன்றுகிறது.

மனிதர்களைப் பற்றியும் 2020 ஆய்வில் ஒரு பகுதி உண்டு. ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய் கொண்ட 1,724 பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், புற்றுநோய் கண்டறியப்பட்டபின் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இதய, ரத்தநாள நிகழ்வுக்கு உள்ளானவர்களுக்குப் புற்றுநோய் மீண்டும் வரும் வாய்ப்பு 59 சதவீதமும், அதனால் இறக்கும் வாய்ப்பு 60 சதவீதமும் கூடுதலாக இருந்தன. மருத்துவர் மனத்தில் வைத்திருந்தது இந்த எண்ணாகத்தான் இருக்கும்.

எண்ணாயிரம் எழுதியது:

உயிரணு மிக அழகாக விளக்கினார். எலிச் சோதனைகளை நான் மறுக்கவில்லை. கழுத்தில் வைத்த இதயத்தை மறுக்க எனக்குத் துணிவும் இல்லை. ஆனால் என் தொழில் மருத்துவப் புள்ளியியல். எலியிலிருந்து மனிதருக்குத் தாவும் இடத்தில் நான் குறுக்கே நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் 59 சதவீதம் என்பதைத் தாமிரபரணிக்கரை அவர்கள் பிழையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நூறு பேரில் 59 பேருக்குத் திரும்ப வரும் என்று அதற்குப் பொருள் அன்று. ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாக்குவது அது. பத்துப் பேரில் ஒருவருக்குத் திரும்பக்கூடிய நிலையில் இருப்பவர்களிடையே, அது பத்துக்கு ஒன்றரைப் பேர் என்று ஆகும்.

அடுத்து, தொடர்பு இருப்பதாலேயே காரணமாகிவிடாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். இங்கே இன்னும் சிக்கல், காக்கையும் பனம்பழமும் ஒரே காற்றில் ஆடுகின்றன. புகைபிடித்தல், உடற்பருமன், சர்க்கரை நோய், முதுமை ஆகிய நான்கும் இரண்டு நோய்களுக்கும் பொது. ஜெர்மனியில் இதயச் செயலிழப்பு உள்ள 100,124 பேரை, அது இல்லாத அதே எண்ணிக்கையினரோடு ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வந்தது. ஐந்தாண்டுகளில் முன்னவரில் 25.7 சதவீதத்தினருக்கும் பின்னவரில் 16.2 சதவீதத்தினருக்கும் புற்றுநோய் கண்டறியப்பட்டது. பார்ப்பதற்கு மலைப்பான வேறுபாடு. ஆனால் அந்தத் தரவில் யார் புகைபிடித்தார்கள் என்ற குறிப்பே இல்லை.

இன்னொன்று, தேடுகிறவன் கண்ணுக்குத்தான் அகப்படும். இதய நோயாளி மாதாமாதம் மருத்துவரைப் பார்க்கிறார், எக்ஸ்-ரே எடுக்கிறார், ரத்தம் கொடுக்கிறார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவருக்கு மலத்தில் ரத்தம் தெரிந்தால் உடனே ஸ்கோப் பார்க்கிறார்கள். வெளியே தெரியாமல் இருந்த பெருங்குடல் கட்டி அகப்பட்டுவிடுகிறது. அந்தக் கட்டியை இதயம் வளர்க்கவில்லை, இதய மாத்திரை காட்டிக்கொடுத்தது.

மூன்றாவதாக, எது முந்தி வந்தது என்பதே பல சமயம் தெரிவதில்லை. அமெரிக்காவில் 67 வயதுக்கு மேற்பட்ட 374,331 புற்றுநோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தபோது, புற்றுநோய் கண்டறியப்படுவதற்கு ஐந்து மாதம் முன்பிருந்தே அவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகரித்திருந்தன. ஒளிந்திருக்கும் கட்டி ரத்தத்தை எளிதில் உறையவைக்கிறது. காகிதத்தில் பார்த்தால் முதலில் மாரடைப்பு, பிறகு புற்றுநோய். உடலுக்குள் நடந்தது நேர் எதிர்.

இதையெல்லாம் ஓரளவு களைந்துவிட்டுப் பார்க்க வாய்ப்பளித்தது அமெரிக்க ஆண் மருத்துவர்கள் 28,341 பேரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு. மருத்துவர்கள் என்பதால் எல்லோருக்குமே பரிசோதனை வசதி உண்டு. 2018-இல் வெளியான அதன் முடிவில், இதயச் செயலிழப்புக்கும் பிற்காலப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. குரோனிங்கன் ஆய்வு வந்த அதே ஆண்டு என்பதைக் கவனிக்கவும்.

உயிரணு எழுதியது:

எண்ணாயிரம் அவர்களின் மூன்று எச்சரிக்கைகளும் சரி. ஆனால் மருத்துவர்கள் ஆய்வில் இருந்தவர்கள் அனைவரும் ஆண்கள். மார்பகப் புற்றுநோயைப் பற்றி அது நமக்கு எதுவும் சொல்லாது. மேலும் அது கேட்ட கேள்வியே வேறு. புதிதாகப் புற்றுநோய் தோன்றுமா என்பது ஒரு கேள்வி. ஏற்கெனவே இருக்கும் கட்டி வேகமெடுக்குமா என்பது மற்றொன்று. கட்டி தோன்றுவது பல பத்தாண்டுக் கதை. எலிகளில் நாம் பார்த்தவை எல்லாம், கட்டியோ அது தோன்றும் மரபோ முன்பே இருந்த உடல்கள். இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பதால்தான் ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுவதுபோலத் தெரிகின்றன என்பது என் கருத்து.

புகைபிடித்தல் போன்ற பொதுக் காரணங்களைப் பற்றி: மின்னசோட்டா மாநிலத்தின் ஓம்ஸ்டெட் மாவட்டத்தில் மாரடைப்பு வந்த 1,081 பேரை மட்டும் எடுத்து, அவர்களுக்குள்ளேயே பிறகு இதயச் செயலிழப்புக்கு ஆளானவர்களையும் ஆகாதவர்களையும் ஒப்பிட்டார்கள். எல்லோரும் இதய நோயாளிகள், எல்லோரும் மருத்துவரைப் பார்ப்பவர்கள். அப்போதும் முன்னவருக்குப் புற்றுநோய் 70 சதவீதம் போலக் கூடுதலாக வந்தது.

எண்ணாயிரம் எழுதியது:

ஓம்ஸ்டெட் ஆய்வு நல்ல ஆய்வு, ஆனால் சிறியது. அங்கும் செயலிழப்பு வந்தவர்கள் வராதவர்களைவிட அதிகம் மருத்துவமனைக்கு வந்துபோனவர்கள்தாம். தோன்றுவது வேறு, வளர்வது வேறு என்ற தங்கள் பிரிவினையை ஏற்கிறேன். இதுவரை நான் அதைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பிரிவினையை ஏற்றபின், 1,724 பெண்களின் ஆய்வில் எனக்கு மிஞ்சும் ஐயம் ஒன்றே ஒன்று. மாரடைப்பு வந்த பெண்ணின் புற்றுநோய்ச் சிகிச்சை அதற்குப் பிறகு முழுமையாக நடந்ததா? இதயம் தாங்காது என்று கீமோவின் அளவைக் குறைப்பார்கள். டிராஸ்டுசுமாப் என்ற மார்பகப் புற்றுநோய் ஊசியைத் தள்ளிவைப்பார்கள். புதிதாகச் சேர்ந்த ஏழெட்டு மாத்திரைகளுக்கு நடுவே பழைய மாத்திரை ஒன்று விட்டுப்போகும். அப்படி விட்டுப்போனதால் புற்றுநோய் திரும்பினால், கணக்கில் அது "மாரடைப்புக்குப் பின் திரும்பியது" என்றுதான் பதியும். மோனோசைட்டை யாரும் குற்றம்சொல்லத் தேவையில்லை.

நாடி எழுதியது:

இதய மருத்துவம் பார்க்கிறேன். நேரமின்மையால் சுருக்கமாக எழுதுகிறேன், பொறுத்தருள்க.

இதயத்துக்குச் செய்யும் சிகிச்சை கட்டியையும் கட்டுப்படுத்துமா என்று நோயாளிகள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஓர் ஆசை காட்டிய சோதனை உண்டு. மாரடைப்பு வந்த 10,061 பேரைக் கொண்டு, அழற்சியைத் தணிக்கும் கனகினுமாப் ஊசியைச் சோதித்துப் பார்த்த கேன்டோஸ் ஆய்வில், 2017-இல், நுரையீரல் புற்றுநோய் கணிசமாகக் குறைந்தது. பால் ரிட்கர் தலைமையில் நடந்தது. அழற்சிதான் இரண்டு நோய்களுக்கும் பொதுவான திரி என்று எல்லோரும் மகிழ்ந்தோம். பிறகு அதே மருந்தை நுரையீரல் புற்றுநோய் ஏற்கெனவே உள்ளவர்களுக்குச் சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகள் பலனளிக்கவில்லை. முதல் ஆய்விலேயே உயிரிழப்புக்குக் காரணமாகும் தொற்றுகள் ஊசி போட்டவர்களிடம் அதிகம். ஆகவே இன்று புற்றுநோய்க்காக இதய மருந்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

தாமிரபரணிக்கரை அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணாயிரம் கடைசியாகச் சொன்னது புள்ளியியல் ஐயம் மட்டுமன்று, நான் அடிக்கடி கண்ணால் பார்ப்பது. மாரடைப்பின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, அதில் உள்ள மாத்திரைப் பட்டியலைப் பழைய புற்றுநோய்ச் சீட்டோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் உள்ள அட்டைகளையும் பாருங்கள்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நாடி அவர்களின் பதிவைப் படித்ததும் அப்போதே கோப்பை எடுத்தேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் எட்டு மாத்திரைகள் உள்ளன: ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாடின், மெட்டோபிரோலால் என்று நீள்கிறது பட்டியல். அம்மாவின் ஹார்மோன் மாத்திரையான லெட்ரோசோல் அதில் இல்லை. அதை நிறுத்தச் சொல்லியும் எங்கும் எழுதவில்லை. அம்மாவின் பழைய நோயை அந்தத் தாள் ஒரே வரியில், அதுவும் வருடத்தைத் தவறாகக் குறிப்பிட்டிருக்கிறது.

அம்மாவிடம் கேட்டேன். "அவங்க எழுதிக் கொடுத்ததை மட்டும்தானே போடணும்னு சொன்னாங்க" என்றார். அலமாரியில் லெட்ரோசோல் அட்டை ஐப்பசி மாதத்தில் பிரித்த இடத்தோடு அப்படியே இருக்கிறது. ஒன்பது வாரம். தினமும் மாத்திரை டப்பாவை நிரப்புவது நான்தான். பட்டியலைப் பார்த்து நிரப்பினேன்.

அன்று பரிசோதனையின்போது "மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போடுகிறார்களா" என்று புற்றுநோய் மருத்துவர் கேட்டதற்கு, ஆமாம் என்று நான்தான் பதில் சொன்னேன்.

இன்று காலை அவருடைய உதவியாளரைத் தொலைபேசியில் பிடித்துவிட்டேன். இரவிலிருந்து வழக்கமான அளவிலேயே மீண்டும் தொடங்கச் சொன்னார்; விட்ட நாள்களுக்காகச் சேர்த்துப் போட வேண்டாம், இதய மருத்துவரின் எண்ணை அனுப்புங்கள், நாங்களே பேசிக்கொள்கிறோம் என்றார்.

நாடி எழுதியது:

நல்லது. இதய மருத்துவரிடம் அவர் பேசும்போது, கதிர்வீச்சு இடது பக்கம் கொடுக்கப்பட்டது என்பதையும் கீமோவில் எந்த மருந்து, மொத்தம் எத்தனை மில்லிகிராம் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். பம்பிங் 40-இல் இருப்பதற்கு மாரடைப்பு மட்டும்தான் காரணமா என்று பார்க்க அது தேவைப்படும்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

கீமோ சீட்டுகள் ஆறும் என்னிடம் இருக்கின்றன. இன்று மாலையே படம் பிடித்து இருவருக்கும் அனுப்பிவிடுகிறேன்.